உமிழ்நீர் வற்றிய வாயில் இம்ப்ளாண்ட் நிற்குமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 56. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வாயும் கண்ணும் எப்போதும் காய்ந்துபோகிறது என்று காட்டப் போனதில், ஐந்து வருடத்துக்கு முன் ஷோக்ரன் நோய் என்று சொன்னார்கள். தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், பிரெட்னிசலோன் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். எலும்புக்கு என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அது மூன்று வருடமாக. கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. முன்னால் ஆறு பல் இருக்கிறது, அதிலும் ஈறு ஓரத்தில் சொத்தை. பல்செட் போட்டால் புண்ணாகிறது. இடது காதுக்குக் கீழே ஒரு வீக்கமும் இருக்கிறது. வலி இல்லை, மூன்று மாதமாக அப்படியே இருக்கிறது. ஒரு தனியார் கிளினிக்கில், ஆறு பல்லையும் எடுத்துவிட்டு தாடை எலும்பில் நான்கு இம்ப்ளாண்ட் (செயற்கை வேராக நிற்கிற திருகு) வைத்து நிரந்தரப் பல் கட்டலாம், 38,000 மலேசிய வெள்ளி ஆகும் என்றார்கள். இன்னொரு டாக்டர், இந்த நோய் உள்ளவர்களுக்கு இம்ப்ளாண்ட்டை உடம்பு தள்ளிவிடும், ஆசையே வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி? வரும் தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அதற்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது.

பதில்: அக்காவுக்கு வணக்கம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லுமுன், கேட்காத ஒன்றைப் பேசிவிடுகிறேன். காதுக்குக் கீழே இருக்கிற அந்த வீக்கத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். அந்த இடத்தில் பரோட்டிட் என்கிற பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. ஷோக்ரன் உள்ளவர்களுக்கு அது அவ்வப்போது வீங்கி வற்றுவது சாதாரணம். வற்றாமல் மாதக்கணக்கில் நிற்கிற வீக்கத்தை அப்படி விட்டுவிட முடியாது. இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் என்றாவது ஒரு கட்டத்தில் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்று வருகிறது. பெரும்பாலும் மெதுவாக வளர்கிற, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிற வகைதான். அது அதிகம் தொடங்கும் இடம் இந்தச் சுரப்பி. மற்ற தொண்ணூற்றைந்து பேருக்கு வருவதில்லை, உங்களுக்கும் இது வெறும் சுரப்பி அழற்சியாகவே இருக்கலாம். ஆனாலும் அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் தேதிவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஷோக்ரனுக்குப் பார்க்கிற உங்கள் மூட்டுநோய் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்து, மூன்று மாதமாக வீக்கம் குறையவில்லை என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள். அந்த முடிவு வரும்வரை இம்ப்ளாண்ட்டுக்கு யாரிடமும் முன்பணம் கட்டாதீர்கள்.

சரி, பல்லுக்கு வருவோம். இரண்டு டாக்டர்கள் சொன்னதில் எதையும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. உடம்பு தள்ளிவிடும் என்பது சரியில்லை. ஆறு பல்லையும் எடுத்துவிடலாம் என்பதற்கும் இப்போதே தலையாட்ட வேண்டாம்.

தள்ளிவிடும் என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. சிறுநீரகம் மாற்றி வைத்தவர்களுக்கு உடம்பு அதை ஏற்காமல் போவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஷோக்ரன் நோயில் தன் சுரப்பிகளையே தாக்குகிற உடம்பு வெளியிலிருந்து வருவதை விட்டுவைக்குமா என்று நினைப்பது இயல்புதான். ஆனால் மாற்றி வைத்த சிறுநீரகம் இன்னொருவருடைய உயிருள்ள திசு. இம்ப்ளாண்ட் என்பது டைட்டானியத் திருகு, அதில் உயிரணு ஒன்றும் கிடையாது. ஷோக்ரன் நோயில் வெள்ளை அணுக்கள் போய்ச் சூழ்ந்துகொள்வது முக்கியமாக உமிழ்நீர்ச் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும். தாடை எலும்பு அதன் நேரடி இலக்கு இல்லை. அந்த எலும்புதான் டைட்டானியத்தோடு ஒட்டி வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. (நோய்க்குப் பெயர் தந்த ஹென்ரிக் ஷோக்ரன் ஸ்வீடனைச் சேர்ந்த கண் டாக்டர், 1933இல் இதை விரிவாக எழுதினார். டைட்டானியம் எலும்போடு ஒட்டுவதைக் கண்டுபிடித்து 1965இல் முதல் நோயாளிக்கு வைத்த பிரேனெமார்க்கும் ஸ்வீடன்காரரே. ஒருவர் கண்டறிந்த நோயாளிகளுக்கு மற்றவருடைய திருகு இவ்வளவு பயன்படும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.)

நடைமுறையில் எப்படி இருக்கிறது? 1990களில் வந்த சிறிய ஆய்வுகள் கொஞ்சம் கவலை தந்தன. சில பெண்களுக்கு மட்டும் வைத்துப் பார்த்ததில், ஆறில் ஒன்று என்கிற அளவுக்குத் தோல்வி இருந்தது. உங்கள் இரண்டாவது டாக்டர் மனதில் இருப்பது அந்தக் காலத்துக் கணக்காக இருக்கலாம். பிறகு வந்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. நெதர்லாந்தின் க்ரோனிங்கனிலிருந்து 2016இல் வந்த ஆய்வில், ஷோக்ரன் உள்ள 50 பேருக்கு வைத்த 140 இம்ப்ளாண்ட்டுகளில் ஏறக்குறைய நான்கு வருடத்துக்குப் பிறகு 97 சதவீதம் வாயில் இருந்தன. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கும் சில ஆண்டு அளவில் 93 முதல் 96 சதவீதம் என்றே கிடைத்திருக்கிறது. நோய் இல்லாதவர்களுடைய கணக்குக்கு அருகில்தான் இது வருகிறது.

இந்த எண்ணைக் கிளினிக் விளம்பரத்தில் படிப்பது போல நான் படிப்பதில்லை, நீங்களும் அப்படிப் படிக்காதீர்கள். முதலில், இந்த ஆய்வுகள் எல்லாம் சிறியவை. இம்ப்ளாண்ட்டுக்குத் தகுதி உண்டு என்று டாக்டர்கள் தேர்ந்தெடுத்தவர்களைப் பற்றியவை. எலும்பு மோசமாக இருந்தவர்கள், பல் துலக்கவே கை வராதவர்கள் அந்தக் கணக்குக்குள் வந்திருக்க மாட்டார்கள். அப்புறம், வாயில் நிற்கிறது என்பதும் நன்றாக இருக்கிறது என்பதும் ஒன்றில்லை. சுற்றி ஈறு வீங்கி, எலும்பு மெல்லக் கரைந்துகொண்டிருக்கிற இம்ப்ளாண்ட்டும் விழும்வரை வெற்றிக் கணக்கில்தான் இருக்கும். நான்கைந்து வருடக் கணக்கை வைத்து இருபது வருடத்துக்கு உறுதி தரவும் முடியாது. யாராவது உங்களிடம் "வாழ்நாள் கேரண்டி" என்றால், கேரண்டி யாருடைய வாழ்நாளுக்கு என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வாருங்கள்.

ஆனாலும் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வாய் வறண்டவர்களுக்கு மற்றவர்களைவிட இம்ப்ளாண்ட் கூடுதலாகவே பயன்படும். கழற்றி மாட்டுகிற பல்செட் ஒட்டி நிற்பதும் ஈறை உரசாமல் இருப்பதும் அதற்கும் ஈறுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய உமிழ்நீர்ப் படலத்தால்தான். அந்தப் படலம் இல்லாத வாயில் பல்செட்டோடு மெல்வது, தண்ணீர் தெளிக்காமல் அம்மியில் அரைப்பது போல. ஈறுதான் தேயும். சும்மா இருக்கும்போது ஒருவருக்குச் சராசரியாக நிமிடத்துக்கு 0.3 மில்லிலிட்டர் உமிழ்நீர் ஊறும். ஷோக்ரன் நோயை முடிவு செய்யப் பயன்படுகிற அளவு 0.1 அல்லது அதற்கும் கீழே. கால் மணி நேரம் குவளையில் துப்பினாலும் ஒன்றரை மில்லிலிட்டருக்கு மேல் தேறாது. ஆகவே உங்கள் பல்செட் புண்ணாக்குவதற்குச் செய்துகொடுத்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இம்ப்ளாண்ட் மெல்லும் சுமையை ஈறிலிருந்து எடுத்து எலும்புக்கு மாற்றுகிறது. உலோகத்துக்குச் சொத்தையும் வராது.

பக்கத்துப் பல்லுக்கு வரும். அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஒரு இம்ப்ளாண்ட் வைத்துவிட்டு, இரண்டு வருடத்தில் அதன் இரண்டு பக்கத்துப் பல்லையும் சொத்தைக்குக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். உமிழ்நீர் என்பது வெறும் ஈரம் இல்லை. சாப்பாட்டுக்குப் பின் வாயில் உண்டாகிற அமிலத்தை அது அடக்குகிறது, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பித் தருகிறது, கிருமிகளையும் பூஞ்சையையும் கட்டுக்குள் வைக்கிறது. அது போனால் சாதாரணமாகச் சொத்தையே வராத இடங்களில், ஈறு ஓரத்தில், வேரில், முன்பல்லின் விளிம்பில் எல்லாம் அரிக்கும். நீங்கள் சொன்ன ஈறு ஓரச் சொத்தை இந்த நோயின் கையெழுத்து. இந்த அரிப்பு நிற்கிற வரை நான் யாருக்கும் இம்ப்ளாண்ட் வைக்கச் சொல்வதில்லை. சொத்தை நிரம்பிய வாயில் படிகிற கிருமிப் படலம் இம்ப்ளாண்ட்டைச் சுற்றியும் படியும்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. பெயர் எழுதவில்லை. வாரம் ஒரு முறை, வெறும் வயிறு என்றால் அனேகமாக அலென்ட்ரோனேட். மாத்திரை சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்றும் சொல்லியிருப்பார்களே? பிரெட்னிசலோன் நீண்டநாள் சாப்பிட்டால் எலும்பு மெலியும் என்பதால் இதைக் கொடுத்திருப்பார்கள். நல்ல மருந்து, இடுப்பெலும்பு முறியாமல் காக்கிறது. பல் டாக்டர்கள் இதைக் கண்டு தயங்குவதற்குக் காரணம், இதைச் சாப்பிடுகிறவர்களில் மிகச் சிலருக்குப் பல் எடுத்த இடமோ அறுவை செய்த இடமோ ஆறாமல், தாடை எலும்பு எட்டு வாரத்துக்கு மேலும் வெளியே தெரிந்துகொண்டே இருப்பது. எலும்புத் தேய்வுக்கு இந்த வகை மருந்து எடுப்பவர்களில் பத்தாயிரத்துக்கு ஐந்து பேருக்குள் என்பதுதான் பொதுவான கணக்கு. பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் மருந்து நாலு வருடத்தைத் தாண்டும்போதும், கூடவே பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும்போதும் அபாயம் கூடும். உங்களுக்கு மூன்று வருடம் ஆகிவிட்டது, ஸ்டீராய்டும் இருக்கிறது.

இதை இம்ப்ளாண்ட்டுக்கு எதிரான வாதமாக மட்டும் பார்க்காதீர்கள். ஆறு பல்லைப் பிடுங்குவதும் தாடையில் ஆறு புண். நான்கு துளை போடுவதைப் பற்றித் தயங்குகிற டாக்டர், ஆறு பல் எடுப்பதைப் பற்றியும் அதே அளவு தயங்க வேண்டும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த மருந்து எலும்பில் வருடக்கணக்கில் தங்கும், ஒரு வாரம் விடுவதால் ஒன்றும் மாறாது. கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பதா இல்லையா என்பதை எழுதிக் கொடுத்த டாக்டரும் அறுவை செய்கிறவரும் பேசி முடிவு செய்யட்டும். மாத்திரை இல்லாமல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடுகிற டெனோசுமாப் ஊசிக்கு உங்களை மாற்றியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு முறிகிற அபாயம் உண்டு. பல்லுக்காக என்று அந்த ஊசியைத் தவறவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மிகவும் சங்கடமாக இருக்கும். ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் பிரெட்னிசலோனையும் அதேபோலத் தொடருங்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று விடுவது ஆபத்து. இன்னொன்று, வாய் காய்ந்தவர்களுக்கு மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும். அலென்ட்ரோனேட் ஒட்டினால் அங்கே புண்ணாகும். ஒரு மிடறு போதாது, ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீர் முழுவதும் குடியுங்கள்.

இப்போது அந்த 38,000 வெள்ளித் திட்டம். அதைச் சொன்னவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. கீழ்த்தாடையின் பின்பகுதியில் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தருகிற நரம்பு எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. கடைவாய்ப் பல் போய் வருடமானால் மேலே இருக்கிற எலும்பு கரைந்து, நரம்புக்கு மேல் திருகு வைக்க இடம் இல்லாமல் போகும். முன்பகுதியில் அந்தத் தொந்தரவு இல்லை, எலும்பும் கெட்டி. அதனால் முன்பற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான்கு திருகு வைத்து, முழு வரிசையையும் அதன்மேல் கட்டுவது டாக்டருக்குச் சௌகரியமான, பழகிய வழி. காப்பாற்ற முடியாத பற்களாக இருந்தால் நோயாளிக்கும் நல்ல வழிதான்.

உங்கள் ஆறும் அப்படிப்பட்டவையா என்பதுதான் கேள்வி. சொத்தை ஈறு ஓரத்தோடு நிற்கிறதா, வேருக்குள் ஆழமாகப் போய்விட்டதா, பல் ஆடுகிறதா என்று ஒவ்வொன்றாக எக்ஸ்ரே வைத்துச் சொல்ல வேண்டும். ஆறில் நான்கு நிற்கும் என்றாலும் நான் எடுக்க விடமாட்டேன். வேரோடு நிற்கிற சொந்தப் பல்லுக்கு அழுத்தம் தெரியும். கல் கடிபட்டால் உடனே வாயைத் திறக்க வைப்பது அதுதான். இம்ப்ளாண்ட்டுக்கு அந்த உணர்வு மிகக் குறைவு. பல் எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது. இம்ப்ளாண்ட்டை ஐந்து வருடம் கழித்தும் வைக்கலாம்.

பற்கள் நிற்கும் என்றால், நான் முதலில் யோசிக்கிற வழி சிக்கனமானது. இரண்டு பக்கமும் பின்னால் ஒவ்வொரு இம்ப்ளாண்ட். அதன்மேல் இப்போதைய பல்செட்டைப் போலவே கழற்றி மாட்டுகிற, ஆனால் பட்டன் போலப் பிடித்துக்கொள்கிற பல்செட். மெல்லும்போது பின்பக்கம் ஈறில் அழுந்தாமல் திருகு தாங்கிக்கொள்ளும். உங்கள் புண்ணுக்கு நேரடி மருந்து அது. எலும்பு இடம் கொடுத்தால், அப்புறம் விரும்பினால், அங்கே நிலையான பல்லும் கட்டலாம். கடைசிக் கடைவாய்ப் பல் வரைக்கும் நிரப்பியே ஆகவேண்டும் என்றும் இல்லை. முன்பற்களோடு சிறிய கடைவாய்ப் பற்களும் சேர்ந்தால் பெரும்பாலோருக்குச் சாப்பாட்டுக்குப் போதும் என்பது 1980களிலிருந்தே நன்றாக ஆராய்ந்து பார்த்த விஷயம். இடம் இருக்கிறதா என்பதை, தாடையை முப்பரிமாணத்தில் காட்டுகிற கோன் பீம் சிடி ஸ்கேன் சொல்லும். அது இல்லாமல் வெறும் சாதாரண எக்ஸ்ரேவை வைத்துப் பின்தாடையில் இம்ப்ளாண்ட் வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், உதடு மரத்துப்போனால் திரும்புவது நிச்சயமில்லை.

ஆறும் நிற்காது என்றானால்? அப்போதும் நான்கு திருகு மட்டும்தான் வழி என்றில்லை. கீழ்வரிசை முழுவதும் போனவர்களுக்கு முன்னால் இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து அதன்மேல் மாட்டுகிற பல்செட்டையே முதல் தேர்வாகக் கொள்ளலாம் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். செலவு குறைவு, கழற்றிக் கழுவலாம், ஏதாவது கெட்டால் சரிசெய்வது சுலபம். நான்கு திருகில் கட்டுகிற நிலையான வரிசை ஈறில் படாது என்பதால் காய்ந்த வாய்க்கு அதைவிடச் சுகம், அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் அடியில் தினமும் சிறிய பிரஷை விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். விரல் மூட்டு வலி பற்றி நீங்கள் எழுதவில்லை. ஷோக்ரன் உள்ள பலருக்கு அது உண்டு. காலையில் தேத்தண்ணி டம்ளரைப் பிடிக்கவே விரல் மக்கர் பண்ணுகிறது என்றால், நிலையான வரிசையைவிடக் கழற்றுகிறதே உங்களுக்கு நல்லது. நிலையானது என்றால் சிமெண்ட் வைத்து ஒட்டுவதைவிடத் திருகி மாட்டுகிற வகையைக் கேளுங்கள். ஈறுக்கு அடியில் தங்கிவிடுகிற சிமெண்ட் பின்னால் அழற்சியைக் கிளப்பும். சொந்தப் பல்லையும் இம்ப்ளாண்ட்டையும் ஒரே பாலமாகச் சேர்த்துக் கட்டுவதும் எனக்குப் பிடிக்காது. அந்தப் பல்லுக்குச் சொத்தை வந்தால் எல்லாம் சேர்ந்து போகும்.

சொத்தையை நிறுத்துவது எப்படி என்று கேட்பீர்கள். பெரும்பகுதி உங்கள் கையில்தான் இருக்கிறது. 5000 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பற்பசையைப் பல் டாக்டரிடம் கேளுங்கள். கடையில் வாங்குகிற சாதாரணப் பற்பசையில் 1000 முதல் 1500 வரைதான் இருக்கும். துலக்கியபின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தெல்லாம் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக்கில் ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்ளுங்கள். நாக்கு எரிகிறது, கடைவாய் ஓரம் வெடிக்கிறது என்றால் பூஞ்சையாக இருக்கலாம், காட்டி மருந்து வாங்குங்கள். அதற்குத் தருகிற நிஸ்டாடின் திரவம் சிலவற்றில் சர்க்கரை இருக்கும், கேட்டு வாங்குவது நல்லது. இரவில் பல்செட்டைக் கழற்றிவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

அப்புறம், ஆசாம் போய் என்கிற உப்பும் புளிப்புமான உலர்ந்த பிளம் பழம். நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். வாய் காய்கிறவர்கள் பாதிப்பேர் கைப்பையில் ஆசாம் போய் பாக்கெட் இருக்கும், அல்லது எலுமிச்சை மிட்டாய். வாயில் போட்டதும் கொஞ்சம் ஊறுவது உண்மைதான். ஆனால் ஊறுகிற கொஞ்ச நீரால் அந்தப் புளிப்பை அடக்க முடியாது, பல்லைத்தான் அரிக்கும். அதற்குப் பதில் சைலிட்டால் உள்ள, சர்க்கரை இல்லாத சூயிங் கம். அடிக்கடி ஒரு வாய் வெறும் தண்ணீர். கெட்டிப்பால் போட்டு ஆற்றுகிற தேநீரான தே தாரிக்கை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிற பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். வேண்டுமானால் பசியாறும்போது ஒரே தடவையாகக் குடித்துவிடுங்கள். மற்ற நேரம் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் போதும். வெற்றிலை பாக்கு இருந்தால் அறவே விடுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் பார்மசியில் வாங்குகிற சில மாத்திரைகள் இருக்கிற கொஞ்ச உமிழ்நீரையும் குறைத்துவிடும். மருந்துக்கடைக்காரரிடம் நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சுரப்பியில் இன்னும் உயிர் இருந்தால் உமிழ்நீரைத் தூண்டுகிற பிலோகார்பின் மாத்திரை சிலருக்கு நன்றாக வேலை செய்யும். ஆஸ்துமாவோ சிலவகைக் கண்ணழுத்தமோ இருந்தால் கூடாது, வியர்வையும் கொட்டும். நம்ம ஊர் வெயிலில் அதுவே பெரிய விஷயம். உங்கள் மூட்டுநோய் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. எந்தக் கிளினிக்காக இருந்தாலும், 38,000க்குள் என்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். ஸ்கேன், தற்காலிகப் பல், ஒரு திருகு பிடிக்காமல் போனால் மாற்றி வைப்பது, பிறகு வருடா வருடம் சுத்தம் செய்வது எல்லாம் உள்ளேயா வெளியேயா? ஷோக்ரன் உள்ளவர்களுக்கு முதல் வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்தாக வேண்டும். அதைத் தேவையில்லாத செலவு என்று நினைக்கிறவர்கள் இம்ப்ளாண்ட்டே வைக்காமல் இருப்பது நல்லது. ஷோக்ரன் உள்ளவர்களுக்கு முன்பு வைத்திருக்கிறீர்களா, என் மூட்டுநோய் டாக்டரோடு பேசுவீர்களா என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வருகிற பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டி, நிபுணருக்கு ரெஃபரல் கடிதம் வாங்குகிற வழியும் உண்டு. கோலாலம்பூர் வந்துபோக முடியும் என்றால் மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பீடத்தில் விசாரித்துப் பாருங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் பல துறை நிபுணர்கள் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள்.

கடைசியாகக் கல்யாணம். தைக்குள் இம்ப்ளாண்ட் பல் கட்டி முடியாது. வைத்த திருகு கீழ்த்தாடையில் எலும்போடு ஒட்டவே மூன்று நான்கு மாதம் ஆகும், அதற்கு முன்னால் வீக்கத்தைப் பார்க்க வேண்டும், சொத்தையை அடக்க வேண்டும். பல் எடுத்த அன்றே திருகும் பல்லும் வைத்து அனுப்புகிற முறை இருக்கிறது. உங்கள் மருந்துகளோடு, இந்த வாயில், அந்த அவசரம் வேண்டாம் என்பது என் கருத்து. தைக்குள் செய்யக்கூடியது இவ்வளவு: முன்பற்களின் சொத்தையைச் சுத்தம் செய்து, ஃபுளோரைடை வெளியிடுகிற கிளாஸ் அயனோமர் என்கிற அடைப்புப் பொருளை வைத்து அடைக்கலாம், படத்தில் பளிச்சென்று தெரிகிற மாதிரியே அடைக்க முடியும். இப்போதைய பல்செட்டின் அடியில் மென்மையான உள்பூச்சு போடச் சொல்லுங்கள், புண் பெருமளவு குறையும். அன்றைக்கு மாட்டுமுன் உள்பக்கம் செயற்கை உமிழ்நீர் ஜெல் கொஞ்சம் தடவிக்கொள்ளுங்கள். பந்தியில் உட்காரும்போது ரசமோ மோரோ பக்கத்தில் இருக்கட்டும், சோறு இறங்கும்.

மாசியில் ஸ்கேனுக்குப் போங்கள். அப்போது மருந்துப் பட்டியல், எலும்பு அடர்த்தி ரிப்போர்ட், வீக்கத்துக்குப் பார்த்த அல்ட்ராசவுண்ட் முடிவு மூன்றையும் கையில் கொண்டுபோங்கள். ஸ்கேனின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இன்னொரு டாக்டரிடம் காட்டுவதானால் மறுபடி எடுத்துக் காசு கட்ட வேண்டாம்.